பிற விவரங்கள் ஏதேனும் இருப்பின்

இது சாமிக் கயிறு இல்லை, சார். ஹேர் பேண்ட். பெண்கள் தலைமுடிக்குப் போடுகிற சாதாரண ஹேர் பேண்ட்தான். பச்சை, கொஞ்சம் வெளுத்துவிட்டது. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறியதிலிருந்து நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள், அதனால் சொல்கிறேன். தப்பாக நினைத்துவிடக் கூடாது. இதைப் போட்டுவிட்டவர் எனக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த மேடம்.

ஆமாம் சார், விமானம்தான். நம்பிக்கை வராது, தெரியும். அடையாள அட்டை இருக்கிறது, காட்டட்டுமா? இந்த பிளாஸ்டிக் கவரில்தான் எல்லாம் வைத்திருக்கிறேன். இதோ. போட்டோவில் முகம் வீங்கின மாதிரி இருக்கும், அது நான்தான். பேர் தமிழ்வாணன். பி.எஸ்சி. இயற்பியல்.

பயிற்சிப் பள்ளியின் பேரை மட்டும் கேட்காதீர்கள். நாளைக்குச் சென்னையில் ஒரு விசாரணை இருக்கிறது. விசாரணை முடியும்வரை வெளியாரிடம் பேசக் கூடாது என்று கடிதத்தில் ஏழாவது வரியில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வெளியார்தான். ஆனால் ஊர் பேர், ஆள் பேர் சொல்லாமல் சொன்னால் அது பேசினதாக ஆகாது என்று நினைக்கிறேன். நாலு நாளாக யாரிடமும் சொல்லவில்லை சார். அம்மாவிடம் சொன்னால் புரியாது, பயப்படும். நீங்கள் வாலாஜாவில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன் என்றீர்களே, அதனால்தான் ஆரம்பித்தேன். உங்களுக்குப் புரியும். உங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா? எங்கள் விமானத்திலும் அப்படித்தான், எல்லாமே இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். மாணவனுக்கு ஒரு கைப்பிடி, பயிற்றுநருக்கு ஒரு கைப்பிடி. ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூடவே வரும்.

முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில் லோடுமேன். அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போகும். எட்டாம் வகுப்பிலிருந்தே எங்கள் தெருவில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், எல்லாம். ஒரு தடவை என்னுடைய உதவித்தொகைப் படிவத்திலேயே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். 'பிற விவரங்கள் ஏதேனும் இருப்பின்' என்று ஒரு கட்டம். எதுவும் இல்லை, அதனால் விட்டேன். தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்தக் கட்டத்தையும் நான் காலியாக விடுவதில்லை. 'இல்லை' என்றாவது எழுதிவிடுவேன்.

எனக்கு முதல் வேலை கிடைத்ததும் படிவத்தால்தான். ஓசூர்ப் பக்கம் ஒரு திடலில் மைக்ரோலைட் ஓட்டினார்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே பெரிய துணி இறக்கை, கீழே மூன்று சக்கரம் வைத்த தொட்டில் மாதிரி ஒரு வண்டி, பின்னால் விசிறி. கதவு கிடையாது, கூரை கிடையாது. பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறில் ஆட்கள் வருவார்கள், பத்து நிமிஷம் மேலே சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்கள். ஏறுவதற்கு முன்னால் 'எனக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு' என்று அவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதை வாங்கி வைப்பது என் வேலை.

வண்டியை ஓட்டினவர் முனிராஜ் அண்ணன். ஒரு கட்டம்கூட விடாமல் தாளை நான் வாங்கி வைப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பத்திரமான ஆளு கீழ எதுக்குடா இருக்கற, மேல வா" என்றார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். தேர்வு எழுதி அதற்கான லைசென்ஸும் வாங்கினேன். நூற்று நாற்பது மணி நேரம் ஓட்டியிருக்கிறேன் சார். ஒரு கீறல் கிடையாது.

அதை ஓட்டுவது எப்படி என்றால், முகத்துக்கு எதிரே குறுக்கே ஒரு கம்பி இருக்கும். பார் என்போம். மேலே இருக்கிற இறக்கையோடு பிணைத்த கம்பி, அது அசைந்தால் இறக்கையும் அசையும். கம்பியை முன்னால் தள்ளினால் மேலே போகும். நெஞ்சுக்கு இழுத்தால் கீழே போகும். இறங்கும்போது தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது மெதுவாகத் தள்ள வேண்டும். வண்டி பூ மாதிரி உட்காரும். முனிராஜ் அண்ணன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "டேய், என்ன நடந்தாலும் பாரை மட்டும் விடாத. நீ அதை விட்டா அது உன்னை விட்டுரும்." மேலே ஒரு தடவை குளவி ஒன்று என் கழுத்தில் கொட்டியது. அப்போதும் விடவில்லை.

அதோடு இருந்திருக்கலாம். ஆனால் மைக்ரோலைட்டில் ஏறின திடலிலேயேதான் இறங்க வேண்டும் சார். எங்களுக்கு அனுமதி அவ்வளவுதான். மேலே போய்ப் பார்த்தால் ரோடு தெரியும், ஏரி தெரியும், தூரத்தில் மலை தெரியும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே புல்லில் இறங்குவேன். நூற்று நாற்பது மணி நேரமும் அப்படித்தான். பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினால் ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்கலாம். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை வேறு ஓர் ஊரில் இறங்கி, அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். சிரிக்காதீர்கள். நேர்முகத் தேர்விலும் இதைத்தான் சொன்னேன். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு என்று ஓர் அறக்கட்டளை ஒவ்வொரு வருஷமும் ஒருவரைப் படிக்க வைக்கிறது. அவர்களும் சிரித்தார்கள். ஆனால் என்னைத்தான் எடுத்தார்கள்.

பள்ளியில் முதல் நாள் மேடம் கேட்டார், "ஏற்கெனவே ஓட்டியிருக்கியாமே, எத்தன மணி நேரம்?"

"நூற்று நாற்பது, மேடம்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, அம்புட்டும் மறக்கணுமே மக்ளே. ஒண்ணும் தெரியாம வந்த பயலுவளுக்குப் படிச்சுக் குடுத்தாப் போதும். உனக்கு மொதல்ல மறக்கப் படிச்சுக் குடுக்கணும், கேட்டியா."

நாகர்கோவில்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். எல்லோரையும் மக்ளே என்பார், தலைமைப் பயிற்றுநர் காதில் விழாதபோது அவரையும்.

மறக்கணும் என்று அவர் ஏன் சொன்னார் என்றால், இந்த விமானத்தில் எல்லாம் தலைகீழ் சார். கைப்பிடியை இழுத்தால் மேலே. தள்ளினால் கீழே. இறங்கும்போது கடைசியில் இழுக்க வேண்டும். மைக்ரோலைட்டில் செய்கிற மாதிரி தள்ளினால் மூக்கு நேராகப் போய்த் தரையில் குத்தும். வலது, இடதுகூட மாறித்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு நாள் காலையில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இடம் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசித்து ஓட்டினால் ஓட்டிவிடுவீர்கள். குறுக்கே ஒரு நாய் ஓடினால்?

அதுதான் என் கதை. நிதானமாக இருக்கும்போது சரியாக இழுப்பேன். மேலே ஒரு தப்பும் வராது. தரை கிட்டே வந்து கொஞ்சம் பதற்றமானால் போதும், கை தானாகத் தள்ளிவிடும். நான் தள்ளுவதில்லை சார், கை தள்ளும். அது போன பிறகுதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் மேடம் தன் பக்கத்தில் இழுத்துச் சரி செய்வார்.

ஹாஸ்டலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்துப் பழகினேன். தினமும் இருநூறு தடவை. பக்கத்து அறைப் பையன்கள், "டிரைவரண்ணே, பஸ் திருவண்ணாமலை போகுமா?" என்று கேட்பார்கள். போகட்டும். அம்மா போன் செய்யும்போதும் ஒரு கையால் இழுத்துக்கொண்டே பேசுவேன். "ஏன்பா மூச்சு வாங்குது, அங்க மூட்டை தூக்க வெக்கறாங்களா?" என்று கேட்டது. இல்லைம்மா, படிக்கிறேன் என்றேன்.

பயிற்சியின் பதினான்காவது மணி நேரத்தில்தான் இந்த பேண்ட். தரை வருகிறது, கை மறுபடி தள்ளப் போகிறது, மேடம் சரி செய்தார். நிறுத்தின பிறகு முடியிலிருந்து இதைக் கழற்றி என் இடது கையில் மாட்டினார். இடது கையால்தான் கைப்பிடியைப் பிடிப்போம். "இதப் பாக்கும்போ என்ன செய்யணும்?"

"இழுக்கணும், மேடம்."

"சொப்பனத்துல பாத்தாலும்?"

"இழுக்கணும், மேடம்."

"எனக்க அம்மைக்கிட்ட வேற பேண்ட் கேக்கணும் இனி" என்று சொல்லிவிட்டு முடியைப் பேனாவால் செருகிக்கொண்டு போனார்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கினால் அன்றைக்கு அந்தப் பையன் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் அதுதான் வழக்கமாம். பதினோரு பேருக்கும் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தது நான்தான். பதினெட்டு மணி நேரம் முடிந்தும் நான் தனியாகப் போகவில்லை. தலைமைப் பயிற்றுநர் என் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று சொன்னார். மேடம்தான் இன்னும் ஐந்து மணி நேரம் கேட்டார். "என் பொறுப்பு சார், ஆளைத் தேத்திருவேன்" என்றாராம். ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, "உனக்கு வாளி பிடிக்கது நான்தான். ஐஸ் போட்ட தண்ணி, பாத்துக்க" என்றார்.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும், இது முக்கியம். விமானத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் பயிற்றுநர் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொன்னால், மாணவன் இரண்டு கையையும் எடுத்துவிட்டு 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று பதில் சொல்ல வேண்டும். இனி நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள் என்று ஒப்புக்கொள்வது. கையை எடுப்பதோடு மேலே தூக்கியும் காட்டச் சொல்வார் மேடம். "போலீசக் கண்ட கள்ளன் மாதிரி தூக்கணும்" என்பார். ஒரு தடவைகூட நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அதில் எல்லாம் நான் ரொம்பச் சரியாக இருப்பேன்.

ஆம்பூர். பத்து நிமிஷம் நிற்கும் போல. நீங்கள் இறங்கவில்லையா சார்? எனக்கும் பசியில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பத்தொன்பதாவது மணி நேரம். காற்று இல்லை, வெயில் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தரை வந்துகொண்டிருந்தது. பேண்டைப் பார்த்துக்கொண்டேன். இழுக்கணும், இழுக்கணும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓடுதளத்தின் ஓரப் புதரிலிருந்து ஒரு மயில் ஓடி வந்தது. ஆண் மயில், தோகையை இழுத்துக்கொண்டு நேராக எங்கள் முன்னால்.

கை தள்ளிவிட்டது.

கண்ணாடி முழுக்கத் தரை. மேடம் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றார். மறுபடி "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றார், இரண்டாவது தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. என் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. இதோ, இந்த பேண்ட் மேலேயே. அதற்குப் பிறகுதான் மூக்கு எழுந்தது. ஆனால் அதற்குள் முன்சக்கரம் குத்தி, விசிறி முனை தரையில் உரசிவிட்டது. எனக்கு ஒரு பழக்கம், இறங்கும்போது மனதுக்குள் எண்ணுவேன், முனிராஜ் அண்ணன் கற்றுக்கொடுத்தது. மேடம் முதலில் சொன்னதற்கும் மூக்கு எழுந்ததற்கும் நடுவில் 'ஒண்ணு' என்று முழுசாக எண்ணிவிட்டேன். அதனால்தான் அது ஒரு விநாடி என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

நின்றுவிட்டோம். எஞ்சினை அணைத்தார். பிறகு, "எங்கயும் அடிபட்டுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மயில் புதர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "தேசியப் பறவைக்கு ஒண்ணும் ஆகல்ல. நமக்குத்தான் ஆயிப் போச்சு" என்றார். அப்போதும் அவர் என்னைத் திட்டவில்லை சார். இறங்கி விசிறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு எங்கள் இரண்டு பேரிடமும் ஒவ்வொரு படிவம் கொடுத்தார்கள். விமானத்துக்குச் சேதம் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். மேடம் நின்றுகொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார். போகும்போது என்னிடம், "நாலு வரி போதும் மக்ளே. மயிலு வந்து, வெரசா எறங்கிப் போச்சு. மத்தது நான் எழுதிட்டேன்" என்றார்.

அவர் எழுதினதை மேஜையில் பார்த்தேன். எடுத்துப் படிக்கவில்லை, கண்ணில் பட்டது. மூன்றே வரி. ஓடுதளத்தில் மயில். கடினமான தரையிறக்கம். முழுப் பொறுப்பு பயிற்றுநருடையது. கீழே கையெழுத்து. பிற விவரங்கள் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்.

மூன்று வரியில் எப்படி சார் உண்மை அடங்கும்? எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. நாளைக்கு வேறு யாராவது வந்து, நீ ஏன் முழுசாக எழுதவில்லை என்று என்னைக் கேட்டால்? எங்கள் வீட்டில் போய் நிற்க ஆள் கிடையாது. பக்கத்து அறைப் பையனுக்கு மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், போன் செய்தால் வருவார்கள். எனக்கு எழுதி வைத்த தாள் ஒன்றுதான் துணை. உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். நான் தள்ளினதை முதல் வரியிலேயே எழுதினேன் சார், அதை ஒளிக்கவில்லை. நீங்களே பாருங்கள், மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் எழுதினது, தமிழில் சொல்கிறேன்.

'மாணவர் தவறுதலாகக் கைப்பிடியை முன்னால் தள்ளினார். பயிற்றுநர் ஷெரின்...'

பேரைச் சொல்லிவிட்டேனே. அதை நீங்கள் மறந்துவிட வேண்டும். தயவுசெய்து.

'பயிற்றுநர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுப்பதாக அறிவித்தார். விமானத்தின் மூக்கு ஒரு விநாடி தாமதமாகவே உயர்ந்தது.' அப்புறம் அந்தக் கட்டம். பிற விவரங்கள் ஏதேனும் இருப்பின். அதில் நாலு கோடு இடம் இருந்தது. 'பயிற்றுநர் மாணவரின் இடது மணிக்கட்டில் கையால் அடித்தார். வீக்கம் இல்லை. மயிலுக்குக் காயம் இல்லை.' அவ்வளவுதான் பிடித்தது.

எழுதினதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள்.

தலைமைப் பயிற்றுநர் இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து பார்த்து, "நீ நேர்மையான பையன்" என்றார். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில்கூட அப்படி ஒருவர் என்னைச் சொன்னதில்லை.

மறுநாள் மேடத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். தாமதமாகச் செயல்பட்டார், மாணவரை அடித்தார் என்று இரண்டு குற்றம். அப்புறம்தான் ஆபீஸ் அக்கா சொன்னார், மேடத்தை ஒரு பெரிய கம்பெனியில் விமானியாக எடுத்திருந்தார்களாம், அடுத்த மாதம் சேர வேண்டுமாம். இந்த விசாரணையில் தவறு அவருடையது என்று முடிவானால் அந்த வேலை கிடையாது. கற்றுக்கொடுக்கிற அனுமதியும் போகும். ஆறு வருஷமாக இதற்காகத்தான் பாடுபட்டிருக்கிறார். அவர் அப்பா மீன் வலை விற்கிறவர்.

எனக்கு என்ன ஆகும் என்றும் அந்த அக்காதான் சொன்னார். பயிற்றுநர் தவறு என்று வந்தால் எனக்கு வேறு பயிற்றுநர் போடுவார்கள், மீதி நாலு மணி நேரமும் கிடைக்கும். மாணவர் தவறு என்றால் பயிற்சி அதோடு முடிந்தது. அறக்கட்டளை இரண்டாவது தடவை எடுக்காது. நான் முனிராஜ் அண்ணனிடம் திரும்பிப் போய்த் தாளில் கையெழுத்து வாங்க வேண்டியதுதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரியும்.

மேடத்துக்கு வாட்ஸப்பில் பெரிதாக மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். நாலு பத்தி. நடந்ததைத்தான் எழுதினேன், உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று விளக்கமாக எழுதினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது. "செரி மக்ளே. புதங்கெழம பதினோரு மணி, நேரத்துக்கு வந்துரு." கோபம் இருந்தால் மக்ளே என்று போடுவாரா? அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கும் அதே கேள்விதான் கேட்பார்கள். ஒரு விநாடி தாமதமா? தாமதம்தான். அடித்தாரா? அடித்தார். எப்படி சார் நான் இல்லை என்று சொல்ல முடியும்? பொய் சொல்ல எனக்கு வராது. அவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. வழிதான் தெரியவில்லை.

என்ன சார்?

எதுக்கு அடிச்சாங்க என்றா?

சொன்னேனே. ஐ ஹேவ் கன்ட்ரோல் என்றார். அப்புறம் அடித்தார்.

இல்லை, எதற்கு என்றால்... பதற்றமாக இருக்கலாம். கோபமாக... இல்லை, அவருக்குக் கோபம் வராது. எதற்கு என்று படிவத்தில் கேட்கவில்லை சார். என்ன நடந்தது என்றுதான் கேட்டிருந்தார்கள்.

நீங்கள் உங்கள் மாணவர்களை அடித்திருக்கிறீர்களா? எல்லோரையுமா? ஸ்டியரிங்கை விடாதவர்களை மட்டுமா.

சரி.

இருங்கள் சார், ஒரு நிமிஷம். அவர் முதல் தடவை சொன்னபோது என் கை கைப்பிடியில்தான் இருந்தது. அது சரி, ஓட்டினது நான்தானே. இரண்டாவது தடவை சொன்னபோது... அப்போதும் இருந்தது. அடித்த பிறகு எடுத்தேன். அடித்ததால்தான் எடுத்தேன். அவர் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் இந்தப் பக்கம் விடாமல்...

நான் பதில் சொல்லவில்லை சார். யூ ஹேவ் கன்ட்ரோல் என்று சொல்லவில்லை. பத்தொன்பது மணி நேரத்தில் அந்த ஒரு தடவைதான் சொல்லவில்லை. அந்த ஒரு விநாடியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

என்ன நடந்தாலும் விடாதே என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குளவி கொட்டினபோதும் விடவில்லை என்று உங்களிடம் பெருமையாகச் சொன்னேனே.

வாலாஜாவா? அதற்குள் வந்துவிட்டதா. இருங்கள், காலை மடக்கிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம். உங்கள் குடை, சார்.

சார், ஒன்றே ஒன்று. என்னிடம் பேனா இருக்கிறது, இரண்டு இருக்கிறது. இந்த நகலில் 'அடித்தார்' என்பதற்குப் பக்கத்தில் ஓரமாக இடம் இருக்கிறது. ஒரு வரி பிடிக்கும். இதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கே தெரியும். நகலில் எழுதினால் செல்லாது. அசல் அவர்களிடம் இருக்கிறது.

அப்படியானால் வாயால்தான் சொல்ல வேண்டும். மேடம் எதிரில் உட்கார்ந்திருப்பார். நேரத்துக்கு வந்துரு என்று சொல்லியிருக்கிறார்.